ஒரு ஜீப்புக்கு ஒரே மாத்திரை

ஒச்சப்பனின் ஜீப்பில் ஏறுவதற்கு ஒரு வரிசை உண்டு. மெலிந்த பெண்கள் முதலில் ஏறி உள்ளே ஒடுங்கிக்கொள்ள வேண்டும். பருத்தவர்கள் பின்னால் ஏறி அவர்களை நெருக்கி அடைக்க வேண்டும். எல்லாருக்கும் கடைசியாக அன்னக்கொடி ஏறுவாள். பின்படிக்குப் பக்கத்து இடம் அவளுடையது. போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற அந்த ஒன்றரை மணி நேரமும் வெற்றிலை, சேதி, சண்டை, சமாதானம் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும்.

மாத்திரையும் அப்படித்தான் போனது.

அன்னக்கொடிக்குச் சர்க்கரை நோய் வந்து ஆறேழு வருடம் இருக்கும். ஆரம்பத்தில் ஒரு டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு முறை மாத்திரையை மாற்றி, கடைசியில் மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு அவள் அவரிடம் போகவே இல்லை. காலி அட்டையைக் காட்டினால் மருந்துக் கடையில் புது அட்டை கிடைத்துவிடுகிறது. பிறகு எதற்கு டாக்டர்? அதே ஜீப்பில் பொன்னுமணிக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அவளுக்கும் சேர்த்து ஒரு அட்டை வாங்கினாள். அடுத்து இன்னொருத்திக்கு. அப்புறம் இன்னொருத்திக்கு. சனிக்கிழமை கடைக்குப் போவதும் திங்கட்கிழமை ஜீப்பில் பங்கு வைப்பதும் வழக்கமாகிவிட்டது.

கெட்ட எண்ணத்தில் அவள் இதைச் செய்தாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். ஆனால் அங்கே சீட்டுக் கொடுக்கத் தொடங்கும் நேரத்தில் ஜீப்பு பாதி மலை ஏறியிருக்கும். ஒரு நாள் வேலைக்கு வராதவளின் இடத்தில் ஒச்சப்பன் வேறொருத்தியை ஏற்றிவிடுவான். வந்தவள் லேசில் இறங்க மாட்டாள். அதனால் “அன்னக்கொடி இருக்கும்போது நமக்கு எதுக்கு டாக்டரு?” என்று ஜீப்பில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் மிகவும் பிடித்திருந்தது.

மகாராணி அவளுடைய தம்பி பால்ராஜின் மனைவி. முப்பது வயதுக்காரி. அந்த ஜீப்பிலேயே வேகமான கை அவளுடையது. வாய் அதைவிட வேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில் அவள் விரலில் குத்திப் பார்த்தார்கள். மறுநாள் ஜீப்பில் அன்னக்கொடி விசாரித்தாள்.

“நர்சு என்னத்தச் சொன்னா?”

“கொஞ்சம் கூட இருக்காம் மதினி. வெறும் வயித்தோட ஒருக்கா வந்து பாக்கணுமாம். மாத்திரை வேணுமா வேணாமான்னு அப்புறந்தான் சொல்வாகளாம்.”

“வெறும் வயித்தோட போயி வரிசையில நின்னா அன்னைக்குச் சோலி போச்சு. ரிசல்ட்டு வாங்கப் போனா மறுநாளும் போச்சு. இந்தா, வாயத் தெற. இது நல்ல மாத்திரை. ஒண்ணுக்குள்ள மூணு மருந்து இருக்கு.”

“எனக்குக் கொஞ்சந்தான் கூடங்காக. மூணு எதுக்கு?”

“மூணு இருந்தா வெரசாக் கொறையும். முழுங்குடி.”

மகாராணி வாயைத் திறந்தாள். அன்னக்கொடி மாத்திரையை நாக்கிலேயே வைத்துவிட்டாள்.

சூர்யகலா என்ற பெண் கையில் எப்போதும் கைப்பேசி இருக்கும். அதில் யாரோ ஒருவர் பேசுவதைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

“இவரு சொல்றதக் கேளுங்கக்கா. வெள்ளைச் சக்கரைதான் வெசமாம். அதத் தின்னா கணையம் இன்சுலினச் சொரந்து சொரந்து ஓஞ்சு போகுமாம். பழத்துல இருக்க சக்கரை கணையத்தத் தொந்தரவே பண்ணாதாம். அத எம்புட்டு வேணாலும் திங்கலாமாம்.”

“கணையம் எங்கிட்டுடி இருக்கு?” என்றாள் பொன்னுமணி.

“வயித்துக்குப் பின்னாடி.”

“அப்ப எம் புருசன் மாதிரிதான்” என்றாள் மகாராணி. “எங்கிட்டு இருக்குன்னும் தெரியாது, என்ன சோலி பாக்குதுன்னும் தெரியாது.”

ஜீப்பு குலுங்கிச் சிரித்தது. “ஏ, அவன் என் தம்பிடி!” என்று அன்னக்கொடி அவள் தலையில் குட்டினாள்.

“ஒங்க தம்பிங்கிறதாலதான் இன்னும் வச்சிருக்கேன் மதினி.”

“எங்க வீட்ல கருப்பட்டிதான்” என்று பொன்னுமணி தொடங்கினாள். “கருப்பட்டி ஒடம்ப ஒண்ணுஞ் செய்யாது.”

“ஒண்ணுஞ் செய்யாமத்தான் ஒங்க கால் வெரல வெட்டுனாகளா?” என்றாள் மகாராணி.

“வெரல எங்கடி வெட்டுனாக? நகத்தத்தான எடுத்தாக!”

மறுபடியும் சிரிப்பு. ஒச்சப்பன்கூடத் திரும்பிப் பார்த்து, “ஆத்தாமாரே, வளைவுல ஆடாதீக, வண்டி கவுந்துரும்” என்றான்.

இரண்டு மூன்று வாரம் கழித்து மகாராணிக்குச் சில காலைகளில் கை நடுங்கியது. மலைக் குளிரிலும் கழுத்து வியர்த்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. “மலைக் காத்து ஒத்துக்கல” என்றாள் ஒருத்தி. “எவ கண்ணோ பட்டுருச்சு” என்றாள் இன்னொருத்தி. “மாத்திரை வேலை செய்யுது” என்றாள் அன்னக்கொடி.

அந்த நாள் ஒரு மழை நாள். மலை உச்சிக்கு நாலைந்து வளைவு கீழே ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதை அறுத்துத் தள்ளும்வரை ஜீப்புகள் வரிசையாக நின்றன. மாத்திரை காலையில் ஏறும்போதே போட்டாயிற்று. சோற்றுத் தூக்கு எல்லார் மடியிலும் இருந்தது. ஆனால் ஜீப்பில் யாரும் தூக்கைத் திறப்பதில்லை. வளைவில் குமட்டும், ஒருத்தி வாந்தி எடுத்தால் எல்லாரும் எடுப்பார்கள். மேலே போய் ஷெட்டில் உட்கார்ந்துதான் சாப்பாடு. அன்றைக்கு ஜீப்பு நின்றுதான் கிடந்தது. ஆனாலும் யாருக்கும் திறக்கத் தோன்றவில்லை. பழக்கம் அப்படி.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மலையாளி சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“எந்தா, ஈ நேரத்துக்கு வந்துட்டு இனி சோறும் வேணுமோ? காய் பழுத்துப் போயி நிக்குது. எறங்கு, எறங்கு.”

தூக்குகள் ஷெட்டில் வரிசையாக உட்கார்ந்தன. பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். அன்னக்கொடிக்கும் பசிதான். ஆனால் ஆறேழு வருட நோய்க்காரியின் உடம்பில் எப்போதும் சர்க்கரை மிச்சம் இருக்கும். அது அவளைத் தாங்கியது. மகாராணிக்குத் தாங்க ஒன்றும் இல்லை. இதெல்லாம் அன்னக்கொடிக்குப் பிறகு தெரிய வந்தது.

பதினொரு மணி வாக்கில் மகாராணியின் பையை அவள் தற்செயலாகப் பார்த்தாள். விளைந்த காயோடு பிஞ்சும் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பிஞ்சைத் தொடாத கை அது.

“ஏ மகா, என்னாடி பிஞ்சையும் சேத்துப் பிச்சுருக்க?”

மகாராணி நிமிர்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. கண் எங்கேயோ இருந்தது.

“நீ யாருடி அதக் கேக்க?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதினியை அவள் ‘நீ’ என்று சொன்னதில்லை. பக்கத்துச் செடிக்காரிகள் சிரித்தார்கள். மகாராணி பையை அவிழ்த்து வீசினாள். காய் சரிவில் உருண்டது. மேலேயிருந்து சூப்பர்வைசர், “குடிச்சிட்டா வந்திருக்கு இது?” என்று கத்தினார். அவள் இரண்டு அடி எடுத்து வைத்து, செடியின் தூரில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தாள்.

“சக்கரை கொறஞ்சிருச்சுடி!” என்றாள் சூர்யகலா.

“சக்கரைக்காரிக்குச் சக்கரை கூடத்தான செய்யும்? இனிப்பக் கினிப்பக் குடுத்துராதீக” என்றாள் இன்னொருத்தி.

அன்னக்கொடிக்கு அந்த விவரம் தெரியும். மயக்கம் வந்தால் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று பழைய டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஷெட்டுக்கு ஓடினாள். பலகையில் இரண்டு சாமான் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று, பெண்கள் பால் ஊற்றாத கட்டஞ்சாயாவுக்கென்று சேர்ந்து வாங்கி வைத்திருந்த சர்க்கரை டப்பா. மற்றது, செடிக்கு மருந்தடிக்கிற ஆண்கள் வெயிலில் கலக்கிக் குடிக்கத் தோட்டத்தில் கொடுத்திருந்த குளுக்கோஸ் மாவுப் பாக்கெட். அவள் கை முதலில் பாக்கெட்டைத்தான் எடுத்தது. ‘அவிங்க சாமான். கேக்காம எடுத்தா சூப்பர்வைசர் வைவான்’ என்று நினைத்தாள். ‘ரெண்டும் சக்கரைதான?’ பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு டப்பாவை எடுத்தாள்.

கை நிறையச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஊட்டினாள். மகாராணி அப்போது விழுங்கினாள். ஒரு டம்ளர், இன்னொன்று. “இந்தா முழிச்சிருவா, இந்தா முழிச்சிருவா” என்று சுற்றி நின்றார்கள். அவள் விழிக்கவில்லை. மூன்றாவது டம்ளர் கடைவாயில் வழிந்தது. அப்புறம் கைகால் வெட்டி இழுக்கத் தொடங்கியது.

ஒச்சப்பன் அன்றைக்கு மலை இறங்கிய வேகத்தை அந்த ரோட்டில் வேறு யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள்.

ஊருக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊசி பாதி இறங்குவதற்குள் மகாராணி கண்ணைத் திறந்து, “ஏன் எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கிறீக?” என்றாள். பால்ராஜ் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான். டாக்டரம்மா சின்ன வயது. ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இவங்க என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?”

“மாத்திரையா? அவளுக்கு நோவே கிடையாதும்மா” என்றான் முகாம் விவரம் எதுவும் தெரியாத பால்ராஜ். “காலையில திங்காமச் சோலி பாத்துருக்கா. அதான்.”

“சாப்பிடாததுக்கு மட்டும் இவ்வளவு இறங்காதே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திரையால வந்ததுன்னா இப்ப ஏத்துனது தீர்ந்ததும் திரும்ப இறங்கும். அதுக்குத்தான் கேக்குறேன்.”

அன்னக்கொடியின் இடுப்பில் சுருக்குப்பை இருந்தது. பைக்குள் மாத்திரை அட்டை இருந்தது. தம்பி பக்கத்தில் நிற்கிறான். சொன்னால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? மருந்துக் கடைக்காரருக்குச் சிக்கல் வரும். ஜீப்பில் இத்தனை பேருக்கு மாத்திரை நின்றுபோகும். போலீசு கீலீசு என்று ஆகிவிட்டால்? இவை எல்லாவற்றையும்விட, ‘அன்னக்கொடி கொடுத்து ஆள் விழுந்துவிட்டாள்’ என்ற பேச்சு. அவள் சொட்டுச் சொட்டாக இறங்கும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ‘அதான் முழிச்சுட்டாளே’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

டாக்டரம்மா மகாராணியிடமே கேட்டார். மகாராணி ஒரு கணம் மதினியைப் பார்த்தாள்.

“ஒண்ணுந் திங்கலம்மா” என்றாள்.

ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லத்தான் செய்தார். ஆனால் மகாராணி எழுந்து உட்கார்ந்து நாலு இட்லி தின்றாள். வீட்டில் பிள்ளைகள் தனியாக இருந்தன. எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று சொல்லிச் சாயங்காலம் பால்ராஜ் ஆட்டோ பிடித்தான். ஏறும்போது மகாராணி அன்னக்கொடியின் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்.

“நான் சொல்லல மதினி. பயப்படாதீக.”

அவள் அன்னக்கொடியிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

விடிந்து பால்ராஜ் எழுப்பியபோது அவள் எழவில்லை. வாயோரம் நுரை. உடம்பு வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தது. எப்போது விழுந்தாள், எத்தனை நேரம் அப்படிக் கிடந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அசந்து தூங்குகிறாள் என்றுதான் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைகளும் நினைத்திருந்தன.

தேனியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வயதான டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். பால்ராஜ் அதே பதிலைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அன்னக்கொடி சுருக்குப்பையை அவிழ்த்து அட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

“இதத்தான் சார் தின்னா. ஒரு மாசமா.”

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “யார் எழுதிக் கொடுத்தது?”

“எனக்கு எழுதுனது சார். நாந்தான் அவளுக்குக் குடுத்தேன்.”

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பிற்பாடு பலமுறை தோன்றியது. நர்சிடம் ஏதேதோ மருந்து பெயர்களைச் சொல்லி அனுப்பிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

“கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லு சும்மா சுரக்காதும்மா. ரத்தத்துல குளுக்கோஸ் ஏறி, அது செல்லுக்குள்ள போயி எரிஞ்சாத்தான் இன்சுலின் வெளிய வரும். இந்த மாத்திரையில இருக்கிற ஒரு மருந்து, குளுக்கோஸ் வந்தாலும் வராட்டியும் அதைச் சுரக்க வைக்கும். உங்க செல்லு ஓஞ்சு போன செல்லு. அதுக்கு இந்த விரட்டு வேணும். இந்தப் பொண்ணோடது நல்லா வேலை செய்ற செல்லு. அதைப் போட்டு விரட்டியிருக்கீங்க. சோறும் இல்ல.”

அன்னக்கொடிக்குத் தோட்டத்து விசில் ஞாபகம் வந்தது. காய் பழுத்தால்தான் சூப்பர்வைசர் விசில் அடிப்பார். விசில் கேட்டால்தான் ஆள் சரிவில் இறங்கும். காயே இல்லாத காட்டில் யாரோ ஒரு கிறுக்கன் நிறுத்தாமல் விசில் அடித்தால்? இறங்கின ஆட்கள் செடியையே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

“சக்கரை கரைச்சுக் குடுத்தேன் சார்” என்றாள். “கையளவு போட்டுக் குடுத்தேன். எந்திரிக்கலயே.”

“டீக்குப் போடுற சர்க்கரையா?”

“ஆமா சார்.”

“அது ரெண்டு சர்க்கரை சேர்ந்த ஜோடி. ஒண்ணு குளுக்கோஸ், இன்னொண்ணு பழத்துல இருக்கிற சர்க்கரை. குடல் அந்த ஜோடியை வெட்டிப் பிரிச்சாத்தான் ரத்தத்துக்குப் போகும். இதே மாத்திரையில இன்னொரு மருந்து இருக்கு, அந்த வெட்டுற வேலையைத் தாமதப்படுத்துறதுக்குன்னே. சாப்பாட்டுச் சர்க்கரை சட்டுனு ஏறக் கூடாதுன்னு உங்களுக்கு எழுதுனது. அதனால இதைச் சாப்பிட்டவங்க மயங்குனா டீச் சர்க்கரை நேரத்துக்கு உதவாது. வெறும் குளுக்கோஸ்தான் உடனே ஏறும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அங்க குளுக்கோஸ் மாவு எதுவும் இல்லையா? பெட்டிக் கடையில கூடக் கிடைக்குமே.”

அன்னக்கொடியின் வலது கை தானாக மூடித் திறந்தது.

“இருந்துச்சு சார்” என்றாள்.

சூர்யகலாவும் கூட வந்திருந்தாள். மெல்லிய குரலில் கேட்டாள்: “பழச் சக்கரை கணையத்தத் தொந்தரவு பண்ணாதுன்னு போன்ல சொன்னாகளே சார்?”

“அது மட்டும் தனியாப் போனா, அந்தச் செல்லு பெருசா அசையாதுங்கிறது உண்மைதான். ஆனா பழத்துல அது தனியா வர்றதில்ல, குளுக்கோஸும் சேர்ந்துதான் வருது. அளவுக்கு மீறிப் போனா கல்லீரல்ல கொழுப்பாத் தங்கும். பாதி உண்மையைச் சொல்றவனுக்குத்தாம்மா கூட்டம் சேருது.”

பால்ராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். அக்காவை அடிப்பான் என்றுதான் சூர்யகலா பயந்தாள். அவன் அடிக்கவில்லை.

“மாத்திரை குடுத்தது தெரியாமச் செஞ்சது. அத விடு” என்றான். “நேத்து அந்த டாக்டரம்மா ரெண்டு தடவ கேட்டாக. நீயும் அங்கனதான நின்ன? ஒத்த வார்த்தைக்கா. ஒத்த வார்த்தை.”

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை.

மகாராணி சாகவில்லை. அப்படிச் சொல்வதில் ஆறுதல் இருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. மூளைக்குச் சர்க்கரை போகாமல் கிடந்த நேரம் அவளில் பாதியை எடுத்துக்கொண்டது. கண் திறந்திருக்கிறது, யாரையும் தெரியவில்லை. பெற்ற பிள்ளைகள் கூப்பிட்டால் குரல் வந்த பக்கம் திரும்புகிறாள், அவ்வளவுதான். சோற்றை யாராவது ஊட்ட வேண்டும். பால்ராஜ் வேலைக்குப் போன பிறகு அன்னக்கொடிதான் போய் ஊட்டுகிறாள். அவன் வருவதற்குள் வந்துவிடுகிறாள். கை மட்டும் சும்மா இருப்பதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வையில் எதையோ தேடித் தேடிக் கிள்ளுகின்றன. காய் எடுக்கிற கை.

ஒருநாள் ஊட்டும்போது அன்னக்கொடி, “வாயத் தெற மகா” என்றாள். மகாராணி வாயைத் திறந்தாள். அன்னக்கொடியால் கையைத் தூக்க முடியவில்லை. சோற்றைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடியும் ஜீப்புக்கு வந்தாள். இருட்டு இன்னும் விலகவில்லை. மெலிந்தவர்கள் ஏறினார்கள், பருத்தவர்கள் ஏறினார்கள். பின்படிக்குப் பக்கத்து இடத்தை அவளுக்காக விட்டுவைத்திருந்தார்கள். ஆளாளுக்கு மகாராணியைப் பற்றி விசாரித்தார்கள். உச்சுக் கொட்டினார்கள். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. அதில் ஒரு காலி மாத்திரை அட்டை. அதன் பின்னால் இன்னொரு கை, இன்னொரு அட்டை.

“நீ இல்லாம ரெம்பச் செரமமாப் போச்சு அன்னம். சனிக்கிழமை எனக்கும் சேத்து வாங்கியாந்துரு.”

“எனக்கு ரெண்டு அட்டை. எங்க கொழுந்தியாளுக்கும் இப்ப சக்கரையாம்.”

அன்னக்கொடி அந்தக் கைகளைப் பார்த்தாள். யார் முகமும் தெரியவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன.

“மகாராணிக்கு என்னாச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

“அது அவ நேரம். நாங்க இம்புட்டு நாளாத் திங்கிறோம், நல்லாத்தான இருக்கோம்?”

“நல்லாருக்கோம்னு நம்மளா நெனச்சுக்கிறோம்.” அன்னக்கொடியின் குரல் உயரவில்லை. “கேளுங்கடி. நோவுக்குத்தான் ஒரே பேரு. ஒடம்பு ஆளுக்கு ஒண்ணு. எனக்கு எழுதுன மாத்திரை எனக்கு மருந்து. அவளுக்கு அதே மாத்திரை வெசமாப் போச்சு. அடுத்தவ மாத்திரைய வாங்கித் திங்காதீக. ஒங்க மாத்திரைய அடுத்தவளுக்குக் குடுக்காதீக. தின்னுட்டீகன்னா, டாக்டரு கேக்கும்போது மறைக்காதீக. மகாராணி சக்கரை நோவுல விழல. எம் பெருமைக்காக விழுந்தா. நான் வாயத் தெறக்காததால எந்திரிக்காமப் போனா.”

ஜீப்பு கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் யாரோ முனகுவது கேட்டது. “ஆஸ்பத்திரிக்குப் போனா எடம் போயிரும். அத யாரு குடுப்பா? இவ குடுப்பாளா?” இன்னும் கொஞ்ச தூரம் போனதும் சூர்யகலாவின் குரல். தேனியில் அத்தனையும் பக்கத்தில் நின்று கேட்ட அதே சூர்யகலா.

“சரி, இங்கிட்டுக் குடுங்க. நான் வாங்கியாரேன்.”

கைகள் திசை மாறி நீண்டன.

அரசு ஆஸ்பத்திரியின் வாசல் வந்தபோது அன்னக்கொடி ஜீப்பின் தகரத்தில் தட்டினாள். “ஒச்சப்பண்ணே, நிறுத்துங்க.”

“என்னாத்தா, இங்கயா?”

“நானும் டாக்டரப் பாத்து வருசக்கணக்காச்சு. எறங்கிக்கிறேன்.”

“நாளைக்கு எடம் இருக்கும்னு சொல்ல முடியாதுத்தா.”

“தெரியும்ண்ணே.”

அவள் இறங்கினாள். ஒரு கணம் கழித்து, முனகிக்கொண்டே பொன்னுமணியும் இறங்கினாள். நகம் எடுத்த கால் இன்னும் ஆறவில்லை. நொண்டி நொண்டித்தான் வந்தாள். வேறு யாரும் இறங்கவில்லை. உள்ளே பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பின்படிக்குப் பக்கத்து இடத்துக்குச் சூர்யகலா வந்தாள். ஜீப்பு மலைப் பக்கம் போனது.

ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற இடத்தின் கதவு பூட்டியிருந்தது. திறக்க இன்னும் நேரம் இருந்தது. இருவரும் வாசல் படியில் உட்கார்ந்தார்கள்.

“நம்ம எடம் போச்சு அன்னம்” என்றாள் பொன்னுமணி.

அன்னக்கொடி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடந்தானக்கா போச்சு” என்றாள்.